அரிய அச்சு வகை நாணயங்களை இனங்கண்டு, மதிப்பிட்டு, சான்று பெறும் முறை

ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில், ஒரே வடிவமைப்பில் அடிக்கப்பட்ட இரண்டு நாணயங்களில் ஒன்று முகமதிப்போடு நின்றுவிட, மற்றொன்று ஏலத்தில் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு விலை பெறுவதுண்டு. இந்த வேறுபாட்டின் தொடக்கம் அவற்றை அடித்த அச்சில் இருக்கிறது. அத்தகைய நாணயம் ஒன்று தன்னிடம் இருப்பதாக நினைப்பவர், விலையை விசாரிக்கும் முன் அதை அடித்த அச்சு எது என்பதை நிறுவியாக வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது. முதலில் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, பிறகு நாணயத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு அவர் விரும்புகிற வகைதான் தெரியும்.

அச்சு என்பது கடினப்படுத்திய எஃகுத் தண்டின் முகத்தில் நாணயத்தின் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாக அமைந்த கருவியாகும். அத்தகைய இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வெற்று உலோகத் தகடு வைத்து அழுத்தப்படும்போது நாணயம் பிறக்கிறது. ஓர் அச்சு தேய்ந்தோ உடைந்தோ போவதற்குள் பல்லாயிரக்கணக்கான, நவீனக் காலத்தில் பல லட்சக்கணக்கான நாணயங்களை அடித்துத் தள்ளிவிடும். எனவே அச்சில் இருக்கும் குறை, அது அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில் அதே வடிவில் திரும்ப வரும். மையம் விலகி அடிபட்ட நாணயம், தகட்டின் ஓரம் வெட்டுப்பட்ட நாணயம் ஆகியவை இவ்வகையில் சேரா. அவை அந்தந்த அடியின்போது மட்டும் நேர்ந்த பிழைகள், அவற்றின் மதிப்பீட்டு முறையும் வேறு. கண்ணில் பட்ட வேறுபாடு அதே இடத்தில் இன்னொரு நாணயத்திலும் பதிவாகியிருந்தால்தான் அதை அச்சு வகை என்று சொல்ல முடியும்.

இதிலிருந்து இன்னொரு விதியும் கிடைக்கிறது, இந்தத் துறையில் இதைவிடப் பயன் தரும் விதி எனக்குத் தெரிந்து வேறில்லை. அச்சில் விழுந்த கீறல் பள்ளமாக இருப்பதால், நாணயத்தில் அது மேடாக எழும். அடித்த பின் நாணயத்தில் விழுந்த கீறலோ பள்ளமாகத்தான் இருக்கும். லென்ஸ் வழியே ஒரு கோட்டைப் பார்க்கும்போது அது மேடா பள்ளமா என்று தீர்மானிக்கப் பழகியவர், ஐயங்களில் பெரும்பகுதியை அங்கேயே தீர்த்துவிடலாம்.

வேறுபாடு அச்சில் நுழையும் வழிகள்

மிகவும் புகழ்பெற்றது இரட்டை அச்சு வகை. உருவம் மேடாக அமைந்த ஒரு தாய்க் கருவியைக் கொண்டு ஒவ்வொரு வேலை அச்சும் அழுத்தி உருவாக்கப்படுகிறது. ஒருமுறை அழுத்தியதும் எஃகு இறுகிவிடுவதால், முன்பெல்லாம் அதைச் சூடாக்கி இளக வைத்து மீண்டும் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது அழுத்தத்தின்போது அச்சு சற்றே திரும்பியிருந்தால் எழுத்துகளும் ஆண்டும் இரட்டையாகப் பதிந்துவிடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட, லிங்கன் உருவம் தாங்கிய 1955ஆம் ஆண்டின் ஒரு சென்ட் நாணயம் (லிங்கன் சென்ட்) இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு; அதன் ஆண்டும் வாசகங்களும் இரட்டையாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச்சாலை ஒரே அழுத்தத்தில் அச்சை முடிக்கும் முறைக்கு மாறியது. அதன் பின்னும் இரட்டை அச்சுகள் தோன்றவே செய்கின்றன. ஆனால் அவற்றில் இரட்டிப்பு பெரும்பாலும் சிறியதாகவும் உருவத்தின் நடுப்பகுதியை ஒட்டியும் இருக்கும். ஆகவே அண்மைக்கால நாணயத்தில் வெளி வாசகம் முழுதும் பட்டையாக இரட்டித்திருந்தால் ஆவலை அடக்கிக்கொண்டு ஐயத்தோடு அணுகுவதே சரி.

இரண்டு ஆண்டுகளின் தாய்க் கருவிகள் ஒரே அச்சில் மாறிப் படும்போது ஓராண்டின் மேல் மற்றோர் ஆண்டு அமர்ந்துவிடும். 1942ஆம் ஆண்டின் அமெரிக்கப் பத்து சென்ட் நாணயங்கள் சிலவற்றில் இரண்டின் அடியில் ஒன்று தெரிவதும், 1918இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த கால் டாலரில் எட்டின் அடியில் ஏழு தெரிவதும் இப்படி வந்தவை. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைக் காட்டும் சிறு எழுத்தான நாணயச்சாலைக் குறியைக் கையால் தட்டிப் பதித்த காலத்தில், அது ஒருமுறை சாய்ந்து விழுந்து மறுமுறை நேராகப் பதிக்கப்பட்ட அச்சுகள் ஏராளம். அமெரிக்காவில் அந்த வழக்கம் 1990ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. அதற்குப் பிந்தைய நாணயத்தில் மீள்பதிந்த குறியைக் கண்டதாகச் சொல்பவர் பெரும்பாலும் வேறெதையோ பார்க்கிறார்.

அச்சை அளவுக்கு மீறி மெருகேற்றியதால் உருவத்தின் ஒரு பகுதி அழிந்துபோவதும் உண்டு. 1937இல் டென்வரில் அடித்த ஐந்து சென்ட் நாணயத்தில் காட்டெருமைக்கு மூன்று கால்களே இருப்பதன் காரணம் அதுதான்.

பார்க்கும் முறை

பத்து மடங்கு பெருக்கும் நல்ல லென்ஸ் ஒன்று, நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்று, திசை மாற்றக்கூடிய விளக்கு ஒன்று ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமானவை. கணினியோடு இணையும் நுண்ணோக்கி படம் எடுப்பதற்கு உதவும் என்றாலும், அதைக் கொண்டு தேடத் தொடங்கினால் ஒவ்வொரு நாணயத்திலும் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டேயிருக்கும். பத்து மடங்கில் தெரியாத வேறுபாட்டுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பது மிக அரிது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே திசையிலிருந்து விழும் கூர்மையான ஒளி, மேட்டைப் பள்ளமாகவும் நிழலை இரண்டாம் எழுத்தாகவும் காட்டி ஏமாற்றும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். உண்மையான இரட்டிப்பு எந்தக் கோணத்திலும் அதே இடத்தில் நிற்கும். ஒளி உண்டாக்கிய இரட்டிப்பு சுற்றும்போது இடம் மாறும் அல்லது மறைந்துவிடும்.

அடுத்ததாக, தொடக்கநிலையாளர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இயந்திர இரட்டிப்பு. நாணயம் அடிபட்ட கணத்தில் அச்சு தளர்ந்து சற்றே நகர்ந்தால், புதிதாக எழுந்த எழுத்துகளின் ஓரத்தை அது வழித்து ஒரு தட்டையான படியாக ஆக்கிவிடும். இதில் எழுத்தின் உலோகமே நசுங்கிப் படியாவதால், மூல எழுத்து மெலிந்து போயிருக்கும். உண்மையான இரட்டை அச்சிலோ இரண்டு எழுத்துருவங்களும் உருண்டு திரண்டு நிற்கும், எழுத்து பருத்திருக்கும், எழுத்தின் முனைகளில் பிளவு போன்ற வெட்டுகள் தெரியும். இயந்திர இரட்டிப்பு மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. அதற்குக் கூடுதல் மதிப்பு கிடையாது. தேய்ந்த அச்சினால் எழுத்துகளைச் சுற்றி நிழல் படர்ந்ததுபோல் உண்டாகும் இரட்டிப்பும் அவ்வாறே. 1955ஆம் ஆண்டுச் சென்ட்டிலேயே இந்த வகை நிரம்ப உண்டு. அதன் கடைசி இலக்கம் மட்டும் இரட்டித்ததுபோல் இருக்கும். புகழ்பெற்ற வகையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 1969ஆம் ஆண்டின் இரட்டை அச்சுச் சென்ட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது இந்த வேறுபாட்டை மனத்தில் பதியவைக்கும். அதன் முன்புறத்தில் தலைக்கு மேலுள்ள வாசகமும், இடப்பக்கச் சொல்லும், ஆண்டும் தெளிவாக இரட்டித்திருக்கும். ஆண்டுக்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறி மட்டும் ஒற்றையாகவே இருக்கும். தாய்க் கருவியில் அந்தக் குறி கிடையாது. அச்சு முழுமையாக உருவான பிறகே அது தனியாகத் தட்டிப் பதிக்கப்பட்டது. எனவே தாய்க் கருவி இருமுறை பட்டதால் உண்டான இரட்டிப்பு அந்தக் குறியைத் தொட வழியே இல்லை. கையிலுள்ள 1969ஆம் ஆண்டு நாணயத்தில் ஆண்டும் குறியும் சேர்ந்து ஒரே திசையில் இரட்டித்திருந்தால், அது இயந்திர இரட்டிப்பு என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். நாணயம் எந்தெந்தப் படிகளில் உருவாகிறது என்பதை அறிந்தவருக்கு, எது நடந்திருக்க முடியாது என்பதும் தெரிந்துவிடுகிறது. அச்சு வகைகளைப் படிப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது இந்தத் தருக்கம்தான்.

சாட்சிக் குறிகளே இறுதிச் சான்று

ஒரு வகையின் முதன்மை அடையாளத்தைப் போலிசெய்ய முடியும். காட்டெருமையின் காலைச் சுரண்டி எடுக்கலாம், நாணயச்சாலைக் குறியை அழிக்கலாம், முழு நாணயத்தையே போலி அச்சில் அடிக்கலாம். ஆனால் உண்மையான அச்சில் தற்செயலாக அமைந்த சிறு கீறல்கள், புள்ளிகள், வெடிப்புகள் ஆகியவற்றைப் போலிசெய்பவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இந்தச் சாட்சிக் குறிகள் முதன்மை அடையாளத்துக்கு வெகு தொலைவிலும், பல வேளைகளில் நாணயத்தின் மறுபுறத்திலும் இருக்கும். எனவே இரு புறங்களையும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

1955ஆம் ஆண்டின் உண்மையான இரட்டை அச்சுச் சென்ட்டின் பின்புறத்தில், மதிப்பைக் குறிக்கும் சொல்லின் கடைசி எழுத்தின் இடப்பக்கத்தை ஒட்டி இரண்டு மெல்லிய மேட்டுக் கோடுகள் இருக்கும். அச்சை மெருகேற்றியபோது விழுந்தவை அவை. மூன்றுகால் எருமை நாணயத்தில், வயிற்றின் அடியிலிருந்து தரையை நோக்கி இறங்கும் மேட்டுப் புள்ளிகளின் வரிசை ஒன்று உண்டு. சாதாரண நாணயத்தின் காலைச் சுரண்டியவரால் அந்தப் புள்ளிகளை எழுப்ப முடியாது.

1922ஆம் ஆண்டுச் சென்ட் இன்னும் நுட்பமான பாடம். அவ்வாண்டில் சென்ட் நாணயங்கள் டென்வரில் மட்டுமே அடிக்கப்பட்டன. எனவே எல்லாவற்றிலும் டென்வர் குறி இருந்திருக்க வேண்டும். குறி மங்கியோ மறைந்தோ போன நாணயங்கள் மூன்று அச்சு இணைகளிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டாம் இணையே உயர்ந்த விலை பெறுகிறது. அதில் பின்புறம் கூர்மையாக இருக்கும், ஆண்டிலுள்ள கடைசி இரண்டு அதற்கு முந்தைய இரண்டைவிடத் தெளிவாக இருக்கும். பின்புறத்தின் கோதுமைக் கதிர்கள் மழுங்கியிருந்தால், முன்புறத்தில் குறி முழுதும் மறைந்திருந்தாலும் அது இரண்டாம் இணை அன்று. விற்பவர் முன்புறத்தின் படத்தை மட்டும் அனுப்பினால் பின்புறத்தையும் கேட்டுப் பெறாமல் வாங்குவது பெருந்தவறு.

இவ்வாறு உறுதிசெய்த பின், வகைக்கு வழங்கப்பட்டுள்ள எண்ணைக் கண்டறிய வேண்டும். மோர்கன் வெள்ளி டாலர்களுக்கு வேம் எண்களும், தொடக்ககால அமெரிக்கப் பெரிய சென்ட்டுகளுக்கு ஷெல்டன் எண்களும், 1794 முதல் 1836 வரையிலான அரை டாலர்களுக்கு ஓவர்டன் எண்களும் வழங்குகின்றன. இரட்டை அச்சுகளுக்கும் மீள்பதிந்த குறிகளுக்கும் கோனெகா என்னும் சேகரிப்பாளர் அமைப்பு பட்டியல் வைத்திருக்கிறது. எண் இல்லாத நாணயத்துக்கு வாங்குபவரும் அரிது, சான்று பெறுவதும் கடினம். பட்டியலில் இல்லாத புதிய வகை என்று தோன்றினால், தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்பும் முன் அந்தப் பட்டியலைப் பேணும் வல்லுநருக்குத் தெளிவான படங்களை அனுப்பி எண் பெறுவதே முறை.

மதிப்பிடுதல்

வகை நிறுவப்பட்ட பின் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். 1982க்கு முந்தைய வெண்கலச் சென்ட்டின் நிறை 3.11 கிராம், மோர்கன் டாலரின் நிறை 26.73 கிராம். தேய்மானத்தால் விளக்க முடியாத அளவுக்கு எடை விலகியிருந்தால் மற்ற எதையும் கணக்கிட வேண்டியதில்லை.

அடுத்தது தரம். 1 முதல் 70 வரையிலான தர அளவுகோல், 1949இல் பெரிய சென்ட்டுகளுக்காக நாணய ஆய்வாளர் ஷெல்டன் வகுத்ததிலிருந்து வளர்ந்தது. 60க்குக் கீழ் இருப்பவை புழக்கத்தில் தேய்ந்தவை. 60 முதல் மேலே உள்ளவை புழங்காதவை. அச்சு வகைகளில் தரத்தின் தாக்கம் வகைக்கு வகை மாறும். 1888இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த, உதடு இரட்டித்த மோர்கன் டாலர், அதாவது வேம் 4, தேய்ந்த நிலையில் தேடினால் கிடைக்கிறது. புழங்காத நிலையிலோ மிக மிக அரிது. ஆகவே உயர்தர நாணயம் ஏலத்தில் பெற்ற விலையைத் தேய்ந்த நாணயத்துக்கு விகிதம் போட்டு இறக்கிக் கணக்கிட முடியாது.

அச்சின் நிலையும் கணக்கில் சேரும். அச்சு புதிதாக இருந்தபோது அடித்த நாணயத்தில் இரட்டிப்பு கூர்மையாக இருக்கும். அதே அச்சு தேய்ந்தபின் அடித்ததில் மங்கிவிடும். சில வகைகளிலோ, பிற்பட்ட நிலையில் தோன்றும் வெடிப்பையே சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள்.

அரிதான தன்மையைக் குறிக்க ஷெல்டனின் எட்டுப் படி அளவுகோல் பரவலாக வழங்குகிறது. எட்டாம் படி என்றால் ஒன்று முதல் மூன்று வரை, ஏழாம் படி என்றால் நான்கு முதல் பன்னிரண்டு வரை, ஆறாம் படி என்றால் 13 முதல் 30 வரையே அறியப்பட்டுள்ளன என்று பொருள். ஆனால் அரிது என்பதாலேயே விலை ஏறிவிடுவதில்லை. பத்தே நாணயங்கள் அறியப்பட்ட ஒரு வகையைத் தேடுபவர் ஐந்து பேர்தான் என்றால் அதன் விலை சாதாரணமாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் கிடைக்கும் 1955 இரட்டை அச்சுச் சென்ட்டோ, ஒவ்வொரு லிங்கன் சேகரிப்பாளரும் அதை விரும்புவதால் உயர்ந்த விலையிலேயே நிற்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரிவதா, பரவலாகப் பயன்படும் விலை நூல்களில் இடம்பெற்றதா, சேகரிப்புப் பெட்டிகளில் அதற்குத் தனியிடம் உண்டா ஆகிய மூன்றும் தேவையைத் தீர்மானிக்கின்றன. புதிதாக அறிவிக்கப்பட்ட வகையை முதல் ஆண்டிலேயே பெரும் விலைக்கு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. செய்தி பரவியதும் பலரும் தங்கள் பெட்டிகளைத் துழாவுவார்கள், எண்ணிக்கை கூடும், விலை இறங்கும்.

விலையை அறிய, விற்று முடிந்த ஏலங்களின் பதிவுகளையே நம்ப வேண்டும். விற்பனைக்கு வைத்திருப்பவர் கேட்கும் தொகை அவருடைய விருப்பத்தைத்தான் காட்டும். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய விற்பனைகளைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றுள் அதே எண், அதே தரம், அதே சான்று நிறுவனம் ஆகிய மூன்றும் பொருந்தும் விற்பனைகளைத் தேர்ந்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பதிவில் காணும் தொகையில் வாங்குபவர் செலுத்தும் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. தரமிடும் நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல்களும் உதவும் என்றாலும், ஒரே நாணயம் உயர்ந்த தரத்தை நாடித் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுப் பலமுறை எண்ணப்பட்டிருக்கும். மறுபுறம், வகை குறிக்கப்படாமல் சாதாரண நாணயமாகவே நிறுவனத்தின் சான்று உறையில் இடப்பட்டவை அந்தக் கணக்கில் வராமலே போகும்.

சான்று பெறுதல்

தரமிடும் நிறுவனம் நாணயத்தின் உண்மைத்தன்மையையும் தரத்தையும் ஆராய்ந்து, அதை முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் அடைத்து, எண்ணிட்ட சீட்டோடு திருப்பித் தருகிறது. 1972இல் தொடங்கிய ஏனாக்ஸ், 1986இல் பணி தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகியவை சந்தையில் நன்கு அறியப்பட்டவை. எல்லா நிறுவனமும் எல்லா வகையையும் ஏற்பதில்லை. சிறிய வகைகளைக் குறிப்பதில் ஏனாக்ஸ் தாராளமாக இருக்கிறது. மற்ற இரண்டும் தாங்கள் ஏற்கும் வகைகளின் பட்டியலைத் தத்தம் தளங்களில் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் அனுப்பினால், வகை குறிப்பிடப்படாத உறையில் நாணயம் திரும்பி வரும், கட்டணம் போனது போனதுதான்.

அனுப்பும் படிவத்தில் ஆண்டு, முகமதிப்பு, நாணயச்சாலைக் குறி ஆகியவற்றோடு வகையின் பட்டியல் எண்ணையும் எழுதி, வகையைக் குறிக்கும் சேவையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய வகைகளுக்கு இச்சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கேட்காமல் அவர்கள் தேடிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. தரமிடும் கட்டணம், வகைக் கட்டணம், இருவழி அஞ்சல், காப்பீடு ஆகியவற்றைக் கூட்டி, அந்த வகை சாதாரண நாணயத்தைவிடக் கூடுதலாகப் பெறும் தொகையோடு ஒப்பிட்ட பிறகே அனுப்பும் முடிவை எடுக்க வேண்டும். செலவு அந்தக் கூடுதலை விழுங்கிவிடுமென்றால், பட்டியல் எண்ணையும் சாட்சிக் குறிகளின் படங்களையும் சேர்த்து உறையிடாமலே விற்பது நல்லது.

எக்காரணத்தைக் கொண்டும் நாணயத்தைத் தேய்த்துத் துலக்கக் கூடாது. மெருகுப் பொடியோ பற்பசையோ பட்ட நாணயத்துக்கு எண் தரம் கிடைக்காது. உண்மையானது, ஆனால் துலக்கப்பட்டது என்ற குறிப்போடு திரும்பும், விலையும் பெருமளவு சரிந்துவிடும். மென்மையாக வளையும் பிவிசி உறைகளில் நெடுங்காலம் கிடந்த நாணயத்தில் பச்சைப் பிசுக்குப் படியும். அதைத் துடைக்க முயலாமல், நிறுவனங்களே செய்து தரும் பாதுகாப்புச் சேவையை நாடலாம். அனுப்பும்போது பிவிசி கலவாத மைலார் உறைகளையே பயன்படுத்த வேண்டும். அட்டை உறையில் குத்திய பின்னூசி, அதைப் பிரிக்கும் கணத்தில் நாணயத்தைக் கீறிவிடும். அனுப்பும் முன் இரு புறங்களையும் சாட்சிக் குறிகளையும் படமெடுத்து, எடையையும் குறித்து வைத்துக்கொள்வது பிற்காலத்தில் எழும் எந்த வாதத்துக்கும் துணை நிற்கும்.

திரும்பி வந்த உறையின் சீட்டில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். வகை எண் தவறியிருந்தால் உடனே எழுதித் திருத்தம் கேட்கலாம். சீட்டில் தெளிவாகத் தெரியும் தவறுகளை நிறுவனங்கள் திருத்தித் தருகின்றன. பிறரிடமிருந்து உறையிட்ட நாணயம் வாங்குபவரும், சீட்டின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்குள்ள விவரமும் படமும் கையிலுள்ள நாணயத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். போலி உறைகள் உண்மையான எண்களைத் தாங்கி வருவதால், எண் பொருந்துவது மட்டும் போதாது. படத்திலுள்ள கீறலும் கறையும் நாணயத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டும். படம் இல்லாத பழைய சான்றாக இருந்தால், உறைக்கு வெளியிலிருந்தே லென்ஸ் வைத்து அந்த வகைக்குரிய சாட்சிக் குறிகளைத் தேட வேண்டும். அவை கண்ணில் படாதவரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.